யாருக்கு முதல் மாத்திரை?

காலை ஆறே முக்கால் மணி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமம். வாசல் தெளித்த ஈரம் இன்னும் காயவில்லை. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவருடன் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தேன். அவர் தோளில் ஒரு பை. அதற்குள் பிரஷர் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, நீள நோட்டு ஒன்று, ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகள். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து இந்த வேலைக்கு வந்தவர். எந்த வீட்டில் யாருக்குச் சுகர், யாருக்குப் பிரஷர், யார் மாத்திரையை வாங்கி வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் அடுக்கிவைக்கிறார் என்பதெல்லாம் நோட்டைத் திறக்காமலே அவருக்குத் தெரிகிறது.

நான்காவது வீட்டில் ஒரு கொத்தனார். ஐம்பதைத் தாண்டியவர். வண்டியின் பின்னால் சாந்துச் சட்டியையும் கரண்டியையும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ரெண்டு நிமிசம் உக்காருங்க. கையை நீட்டுங்க."

"நேரமாச்சும்மா. மேஸ்திரி கத்துவாரு. சாயங்காலம் வாயேன்."

"சாயங்காலம் வந்தா நீங்க வீட்லயே இருக்கறதில்லையே அண்ணே."

உட்கார்ந்தார். கையில் சுற்றிய பட்டை உப்பி மெல்ல இறங்கியது. 172க்கு 104. "மாத்திரை போடறீங்களா?" என்று கேட்டதற்கு உள்ளேயிருந்து அவர் மனைவிதான் பதில் சொன்னார்: "எங்க போடறாரு? தலை வலிச்சா ஒண்ணு போடுவாரு. வலி நின்னா அதோட சரி." கொத்தனார் சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்தார். "நல்லாத்தானே இருக்கேன்."

அடுத்த வீட்டுத் திண்ணையில் எழுபது வயதைத் தாண்டிய ஆயா ஒருவர் எங்களுக்காகவே காத்திருந்தார். ஒரு வேளை கூடத் தவறாமல் மாத்திரை போடுபவர். 128க்கு 78. நோட்டில் குறித்ததும் சந்தோஷமாகக் கையை விலக்கிக்கொண்டார்.

நடந்துகொண்டே தன்னார்வலர் கிழக்குப் பக்கம் கை காட்டினார். ஓடை தாண்டி, கரட்டு ஓரமாக ஒரு கொட்டாய். பதினோரு வீடுகள். பஸ் கிடையாது. "அங்க போனா அரை நாள் போயிடும்ணே. அந்த அரை நாள்ல இங்க முப்பது வீடு பாத்துடலாம்."

வேலைக்குக் கிளம்பிவிட்ட கொத்தனார், ஒழுங்காக மாத்திரை போடும் ஆயா, ஓடைக்கு அப்பால் பதினோரு வீடு. அவரிடம் இருப்பது ஒரு பையும் ஒரு காலைப்பொழுதும்தான். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் வருமுன் காக்க அரசாங்கம் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்குப் பின்னாலும் இதே இக்கட்டு இருக்கிறது. முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அதிக உயிர்களைக் குறைந்த செலவில் காப்பது ஒரு கணக்கு. யாரையும் விட்டுவிடாமல் இருப்பது இன்னொரு கணக்கு. பல இடங்களில் இரண்டும் ஒத்துப்போகின்றன, சில இடங்களில் மோதுகின்றன. மோதும்போது எதை விட்டுக்கொடுப்பது என்பதை யாரோ ஒருவர் தினமும் முடிவுசெய்துகொண்டுதான் இருக்கிறார். பெரும்பாலும் அது இந்தத் தன்னார்வலரைப் போன்ற ஒருவர், வெயில் ஏறுவதற்குள்.

நூற்றில் ஏழு

இந்தத் தன்னார்வலர் வேலை செய்யும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பு சொன்னது இது: 18 முதல் 69 வயதுக்குள் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருப்பது 7.3 சதவீதம் பேருக்கு. சர்க்கரை நோயாளிகளில் கட்டுக்குள் இருப்பவர்கள் 10.8 சதவீதம்.

நூறு பிரஷர்காரர்களில் ஏழு பேர். நாட்டிலேயே நல்ல மருத்துவக் கட்டமைப்பு என்று பெயர் வாங்கிய மாநிலத்தில் இது. மருந்துக்குப் பஞ்சம் இருந்ததால் வந்த நிலைமை என்றும் சொல்ல முடியாது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்பும் முறை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப்போன ஏற்பாடு. அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரை அந்த டெண்டர் விலையில் ஒன்று ஒரு ரூபாய்க்கும் கீழேதான். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தது. அதை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. வலியே இல்லாத ஒரு நோய்க்காக மாதம் தவறாமல் ஒரு நாள் கூலியை இழப்பதற்கு யார் தயாராக இருப்பார்கள்?

வீடு தேடிப் போகத் தொடங்கியதும் எண்கள் நகர்ந்தன. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருக்கும் பிரஷர்காரர்கள் 17 சதவீதமாகவும் சர்க்கரைக்காரர்கள் 16.7 சதவீதமாகவும் உயர்ந்திருந்தார்கள். 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா.வின் பன்முகமைப் பணிக்குழு விருது கிடைத்தது. கிடைக்க வேண்டிய விருதுதான், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது பயனாளிகளின் எண்ணிக்கை. அது கோடிகளில் போகிறது. அந்தக் கொத்தனாரும் அந்த எண்ணிக்கையில் ஒருவர்தான், 172க்கு 104 உடன். ஆயாவும் ஒருவர். இருவரையும் ஒன்றாக எண்ணும் கணக்கு, யாருக்கு உதவி போய்ச் சேரவில்லை என்பதை மறைத்துவிடுகிறது. 'எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்தது' என்ற 17 சதவீதக் கணக்குத்தான் மேடைக்கு வர வேண்டியது.

ஒரே மாத்திரை, பத்து மடங்கு வித்தியாசம்

செலவுக்கேற்ற பலன் என்றதும் கல்லாப்பெட்டிக் கணக்கு என்று பலருக்கு முகம் சுளிக்கிறது. உயிருக்கு விலை பேசுகிறார்களா என்ற கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனாலும் இந்தச் சின்னக் கணக்கைப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு 30 சதவீதம் உள்ள நூறு பேரை எடுத்துக்கொள்வோம். பிரஷர் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் சேர்ந்து அந்த வாய்ப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பதாக வைத்துக்கொண்டால், 30 பேருக்கு வரவேண்டியது 20 பேருக்கு வரும். பத்துக் குடும்பம் தப்பிக்கும். இப்போது வாய்ப்பு 3 சதவீதமே உள்ள வேறு நூறு பேர். அதே மாத்திரை, அதே செலவு. மூவருக்கு வரவேண்டியது இருவருக்கு வரும். ஒரே ஒரு குடும்பம் தப்பிக்கும். பணம் அளவோடு இருக்கும் ஊரில் இரண்டாவது நூறு பேரிடம் முதலில் போனால், கூடுதலாகக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒன்பது குடும்பங்களை நாம் கைவிட்டோம் என்று அர்த்தம். அந்த ஒன்பது குடும்பங்களுக்கும் முகம் உண்டு. நமக்குத்தான் தெரியாது.

பிரிட்டனில் 1999இல் வந்த 'நைஸ்' அமைப்பு நீண்ட காலமாக இந்தக் கணக்கை வெளிப்படையாகப் போட்டுவந்திருக்கிறது. நலமாக வாழும் ஓர் ஆண்டு ஆயுளைக் கூட்டித்தர 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஆகுமென்றால் பொதுப்பணத்தில் அந்தச் சிகிச்சையைத் தரலாம் என்பது பல ஆண்டுகள் அவர்கள் வைத்திருந்த அளவுகோல். இந்தியாவிலும் 2017 முதல் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் மருத்துவத் தொழில்நுட்பங்களை இப்படி எடைபோடும் அமைப்பு ஒன்று இயங்குகிறது. கணக்குப் போடுவதில் தவறே இல்லை. போடாமல் விடும்போது குரல் உயர்த்தத் தெரிந்தவர் பக்கம் பணம் சாய்ந்துவிடுகிறது.

ஆபத்து யாருக்கு அதிகம் என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த பரிசோதனை வேண்டுமோ என்ற கேள்வி வரும். 2008இல் தாமஸ் கஸியானோவும் அவருடைய குழுவும் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. வயது, பிரஷர், புகைப்பழக்கம், சர்க்கரை, உயரத்துக்கேற்ற எடை ஆகியவற்றை வைத்துப் போடும் கணிப்பு, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பார்த்துப் போடும் கணிப்புக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்துக் கணிப்பு அட்டவணையிலும் ரத்தப் பரிசோதனை தேவைப்படாத வடிவம் ஒன்று இருக்கிறது. தன்னார்வலரின் பையில் இருக்கும் கருவியும் எடை பார்க்கும் மெஷினும் ஒரு அளவு நாடாவும் போதும்.

ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர்கள்

வரிசையில் முதல் ஆள் யார் என்று என்னிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஏற்கெனவே ஒரு மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்தவர். அடுத்தது வரும் வாய்ப்பு அவரைவிட அதிகமாக வேறு யாருக்கும் இல்லை. ஆஸ்பிரின், ஸ்டாட்டின், பீட்டா பிளாக்கர், ஏஸ் தடுப்பான் என்று அவருக்கு வேண்டிய மருந்துகள் எல்லாமே காப்புரிமை காலாவதியான மலிவு மருந்துகள். அவரைத் தேடிக் கண்டுபிடிக்க முகாம் போடவும் வேண்டாம். அவர் பெயர் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. செலவுக் கணக்கும் நியாயக் கணக்கும் கைகோத்துக்கொள்ளும் இடம் இது.

நடப்பது வேறு. சலீம் யூசுஃப் தலைமையில் 17 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. இந்தியாவும் சேர்ந்த குறைந்த வருமான நாடுகளில், மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்தவர்களில் 80 சதவீதம் பேர் இந்த மருந்துகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பணக்கார நாடுகளில் அப்படி இருந்தவர்கள் 11 சதவீதம்.

அந்த 80 சதவீதத்தில் ஒருவர் என் பெரியப்பா. 57 வயதில் மாரடைப்பு. ஊரில் இருந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தோம். வீட்டுக்கு வரும்போது ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். தீர்ந்ததும் அவர் நிறுத்திவிட்டார். "அடைப்பைத்தான் எடுத்துட்டாங்களே, இனிமே எதுக்கு?" என்றார். ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்று அவருக்கு விளங்கும்படி யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு விடியற்காலை மறுபடியும் வலி வந்தது, அந்த முறை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோக முடியவில்லை. பெரியம்மா பீரோவைத் திறந்தபோது அந்தப் பழைய மருந்துச் சீட்டு நிலப் பத்திரத்தோடு சேர்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. சீட்டில் எல்லா மருந்தும் சரியாகத்தான் எழுதியிருந்தது.

நிலம் விற்ற காசு எங்களால் எண்ண முடிந்த செலவு. தினமும் போட வேண்டிய நாலு மாத்திரை யார் கணக்கிலும் வரவில்லை.

ஸ்டென்ட்டை நான் குறைசொல்லவில்லை. நெஞ்சு வலி வந்து துடிக்கும் நேரத்தில் அடைபட்ட குழாயைத் திறப்பது உயிர் காக்கும் வேலை. தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து நடத்திப் பார்த்த 'ஸ்டெமி' ஏற்பாடும், 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டமும் அந்த நேரத்துக்கானவை. இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் அங்கேயே 14 மாத்திரை தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. சில ரூபாய்ச் செலவில், வழியில் போகக்கூடிய உயிரைப் பிடித்து நிறுத்தும் முயற்சி.

ஆனால் அவசரம் எதுவும் இல்லாத, நடந்தால் மட்டும் நெஞ்சு இறுகும் நிலையான நோயாளிகளின் கதை வேறு. 2007இல் வந்த 'கரேஜ்' ஆய்வும் 5,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2020இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல மருந்தோடு ஸ்டென்ட்டும் சேர்த்து வைத்ததால் சாவு குறையவில்லை. வலி குறைகிறது, அதுவும் ஒரு நிவாரணம்தான். ஆயுள் கூடவில்லை. 2017 பிப்ரவரியில் மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு நிர்ணயித்த உச்சவிலை 29,600 ரூபாய். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் மாத்திரை என்று வைத்தால் அந்த ஒரு கம்பிச்சுருளின் விலையில் ஒருவருக்கு 81 ஆண்டு மாத்திரை வாங்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டணம் இதில் சேரவில்லை. இன்சூரன்ஸ் அட்டையைக் காட்டினால் ஸ்டென்ட்டுக்குப் பணம் வந்துவிடுகிறது. அதற்குப் பிந்தைய பத்து வருட மாத்திரையைத் தொடரவைக்கும் வேலைக்கு அந்த அட்டையில் இடமில்லை.

நகரங்களில் விற்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாத, ஆபத்தும் குறைந்த ஆட்களுக்கு இதயநோயைத் தடுக்க ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2018இல் வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. இங்கே முப்பது வயது ஐ.டி. ஊழியர் வருடா வருடம் எடுக்கிறார். கொத்தனாருக்கு ஒரு முறையும் எடுத்ததில்லை.

எழுபதா, நாற்பத்தைந்தா?

இனி கணக்கும் நியாயமும் முட்டிக்கொள்ளும் இடம். ஆபத்துக் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது வயது. எழுபது வயதானவர், வேறு குறை இல்லாவிட்டாலும், அட்டவணையில் மேலே ஏறிவிடுவார். நாற்பத்தைந்து வயது லாரி டிரைவர், பீடியும் பிரஷரும் இருந்தும், அவருக்குக் கீழேயே நிற்பார். பத்து வருட ஆபத்தை மட்டும் பார்த்து மாத்திரை கொடுத்தால் டிரைவர் வெறுங்கையோடு திரும்புவார். அவருக்கு வந்தால் பறிபோவது முப்பது வருட வாழ்க்கை, கூடவே பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளின் படிப்பு.

நார்வேக்காரர்கள் இதைப் பற்றி ஊரறிய விவாதித்து ஒரு வழி கண்டார்கள். அவர்களுடைய சுகாதார இயக்குநரகம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆபத்தின் எல்லைக்கோடு வயதுக்கு வயது மாறியது. இதய, ரத்தக்குழாய் நோயால் பத்து ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு நாற்பதுகளில் இருப்பவருக்கு 1 சதவீதம் என்றாலே மருந்தைப் பற்றி யோசிக்கலாம். ஐம்பதுகளில் 5, அறுபதுகளில் 10. இளையவர் இழக்கப்போகும் வருடங்கள் அதிகம் என்பதால் அவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கிறது. மூத்தவருக்கும் கதவு மூடவில்லை.

இந்த யோசனை நார்வேயைவிட நமக்குப் பொருத்தம். 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு 58.8. ஏறக்குறைய ஆறு வருடம் முன்னதாகவே நமக்கு வந்துவிடுகிறது. வேலை செய்து வீட்டைத் தாங்கும் வயதில். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயாவின் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். அவருக்கு 128க்கு 78 இருப்பது அந்தத் தன்னார்வலரின் வெற்றி. ஆனால் தன்னார்வலர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் பெண்களும். உழைக்கும் ஆண் பிடிபடுவதில்லை. வேலைத்தளத்துக்கே போய்ப் பார்க்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024இல் தொடங்கியது இதனால்தான். பெரிய தொழிற்சாலைக்குப் போக வழி இருக்கிறது. தினம் ஒரு ஊரில் கட்டடம் கட்டும் கொத்தனாரைத் தேடி எந்தத் தொழிற்சாலைக்குப் போவது?

ஓடைக்கு அப்பால்

கொட்டாய்க் கணக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அரை நாளில் முப்பது வீடா, பதினோரு வீடா? ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு அங்கே ஏறக்குறைய மூன்று மடங்கு. ரூபாய்க்கு எவ்வளவு பலன் என்று மட்டும் பார்த்தால் ஓடையைத் தாண்டவே கூடாது. அந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் போட்டதால்தான் அங்கே பஸ்ஸும் போகவில்லை. கொல்லிமலையிலும் ஜவ்வாதுமலையிலும் கல்வராயன்மலையிலும் இப்படி எத்தனையோ சிற்றூர்கள் இருக்கின்றன. தூரத்தில் பிறந்தது அவர்கள் செய்த தப்பா?

இதற்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலையை ஒளிக்காமல் பட்ஜெட்டிலேயே எழுத வேண்டும் என்பது என் கட்சி. ஓடையைத் தாண்டிப் போகும் தன்னார்வலருக்குக் கூடுதல் ஊக்கத்தொகை, கூடுதல் நாள், கூடுதல் மாத்திரை. 'இந்தப் பதினோரு வீட்டுக்கு மூன்று மடங்கு செலவு செய்கிறோம், தெரிந்தே செய்கிறோம்' என்று அரசு சொல்ல வேண்டும். இப்போது அந்தக் கூடுதல் விலையை அந்தப் பெண்ணின் கால்கள் கொடுக்கின்றன.

சிக்கனமாகவும் எல்லோருக்கும் பொதுவாகவும் இதைச் செய்ய முடியும் என்று காட்டியவர் ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. டயாலிசிஸ் செய்ய வழியில்லாமல் ஏழைகள் சாவதைப் பார்த்து, நோய் வருமுன் தடுக்க 1990களில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தன் அறக்கட்டளை மூலம் இறங்கினார். மருத்துவர்களை அனுப்பவில்லை. உள்ளூரில் ஓரளவு படித்தவர்களைப் பழக்கி வீடு வீடாகப் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வைத்தார். ரெசர்பின், ஹைட்ராலசின் என்று நகரத்து டாக்டர்கள் மறந்துவிட்ட, மிக மலிவான பழைய மருந்துகளைத் தேர்ந்தெடுத்தார். ஊரில் ஒருவரையும் விடாமல் கொடுக்க முடிவது எந்த மருந்தோ, அதுவே அவருக்கு நல்ல மருந்து.

ரேஷன் கடையில் ஒரு உப்பு

யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் எல்லோர் வீட்டுக்குள்ளும் போகக்கூடிய ஒரு வழியும் இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். ஆபத்து அதிகமுள்ள சிலரைவிட, ஆபத்து கொஞ்சமாக உள்ள ஏராளமானவர்களிடமிருந்தே அதிக நோயாளிகள் வருகிறார்கள். ஆகவே ஊரின் மொத்தப் பிரஷரையும் ஒரு நூல் இறக்கினால் கிடைக்கும் பலன் பெரிது. அதற்கு மனசு மாற்றும் பிரசங்கம் போதாது, சமையலறையில் இருக்கும் பொருள் மாற வேண்டும்.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் அதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுகிறோம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், வெறும் சோற்றுக்குக் கல்லுப்பு. ஏழை வீட்டில் குழம்பு எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு உப்பு ஏறும். சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரிடம், சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள், அறுபதைத் தாண்டிய பிரஷர்காரர்கள் அவர்கள். 2021இல் முடிவு வந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. சமைப்பவர் செய்ய வேண்டியிருந்தது உப்பு டப்பாவை மாற்றுவது மட்டுமே.

இந்த உப்பு நமக்குப் புதிதும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம் 2014இல் அம்மா உப்பு கொண்டுவந்தபோது அதில் குறைந்த சோடியம் உப்பும் ஒரு வகை. அப்போது அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய், குறைந்த சோடியம் உப்பு 21 ரூபாய். நெஞ்சுக்கு நல்ல உப்பு இரண்டு மடங்கு விலை. யார் வாங்குவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகளும் மூலை முடுக்கெல்லாம் ரேஷன் கடையும் உள்ள மாநிலம் இது. அந்த விலை வித்தியாசத்தை அரசு ஏற்றுக்கொண்டால் கொட்டாயின் பதினோரு வீட்டுக்கும் பட்டணத்தில் இருப்பவருக்கும் ஒரே நாளில் ஒரே உப்பு போய்ச் சேரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது ஆகாது. அதைப் பாக்கெட்டின் மேல் பெரிய எழுத்தில் போட வேண்டும், தன்னார்வலர் நோட்டிலும் குறிக்க வேண்டும். அதைச் செய்ய முடியாத நிர்வாகம் நம்முடையது என்று நான் நம்பவில்லை.

அன்று அவர் ஓடையைத் தாண்டினார். நானும் போனேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் இறங்கி, கரட்டோரப் பாதையில் ஏறி, போய்ச் சேரும்போது பத்து மணி. வேலிக்கு வெளியே நாய் குரைத்தது. மூன்றாவது வீட்டில் கயிற்றுக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். 46 வயது. இடது கை மடியில் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம். பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சுவரில் ஆணியில் ஒரு மஞ்சள் பை. அவருடைய அம்மா அதை இறக்கி, பாலித்தீன் உறைக்குள் பத்திரமாக இருந்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

"மாத்திரை எப்போ நின்னுச்சு ஆயா?"

"அது ஆச்சு கண்ணு, போன தைக்கு முந்தின தை. வாங்கியார ஆளில்ல."

தன்னார்வலர் பட்டையைச் சுற்றினார். 180ஐத் தாண்டியது. அவர் நோட்டில் அந்தப் பெயரே இல்லை. புதுப் பக்கம் திருப்பி மேலே எழுதினார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸுக்கு போன் போட்டார். டவர் கிடைக்காமல் வீட்டுக்குப் பின்னால் பாறை மேல் ஏறி நின்று பேசினார். சீட்டிலிருந்த மருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்தப் பக்கம் டாக்டர் வந்து பேசும் வரை வெயிலில் காத்திருந்தார்.

இறங்கி வந்து பையைத் திறந்து, ஒரு அட்டையை எடுத்து, இன்று ஒன்று, நாளைக்குக் காலையில் ஒன்று என்று அந்த அம்மாவின் கையில் வைத்துக் காட்டினார். மற்ற மருந்தோடு வெள்ளிக்கிழமை திரும்ப வருவதாகச் சொன்னார். திரும்பும் வழியில் ஓடைக் கரையில் உட்கார்ந்து நோட்டை எடுத்தார். கொத்தனார் பெயருக்கு எதிரே 'ஞாயிறு காலை' என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இல்லை. தன்னார்வலருக்கும்தான்.